நெரிந்த நாணலும் மங்கியெரியும் திரியும்: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தூய்மைவாதிகளின் ஆறுதல் நூல்கள் – ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தம் பாவம் மன்னிக்கப்பட்டதா, தாம் இறைவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்தாமா என்னும் ஐயத்தால் அலைக்கழிந்த கிறித்தவ விசுவாசிகளைத் தேற்றும் பொருட்டு இங்கிலாந்தில் 1590கள் முதல் 1690கள் வரை ஏராளமான நூல்கள் எழுந்தன. இந்நூல்களை முன்குறிப்புக் கோட்பாட்டின் விளைபொருள்களாக மட்டும் காணும் போக்கு ஆய்வுலகில் மேலோங்கியுள்ளது. அவை யாரை நோக்கிப் பேசின, எவ்வகையில் தேற்ற முயன்றன என்னும் வினாக்களை முன்வைத்து வில்லியம் பெர்கின்ஸ், ரிச்சர்ட் சிப்ஸ், ரிச்சர்ட் பாக்ஸ்டர், ஜான் பனியன், திமோத்தி ராஜர்ஸ் ஆகியோரின் எழுத்துகளை இக்கட்டுரை ஆராய்கிறது. துன்புறுபவரிடம் சான்று கேட்ட ஆறுதல், அவரைச் சூழ்ந்திருப்போரிடம் பொறுமை கேட்கும் ஆறுதலாக மாறியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தூய்மைவாதிகள், மனச்சாட்சி, முன்குறிப்பு, இரட்சிப்பின் நிச்சயம், கரும்பித்தம், பனியன், ஆறுதல் இலக்கியம்

முன்னுரை

1650களில் பெட்ஃபோர்டுப் பகுதியில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த இளைஞர் ஒருவர், வயது முதிர்ந்த கிறித்தவர் ஒருவரிடம் தம் மனத்தைத் திறந்து பேசினார். தூய ஆவியானவருக்கு எதிரான, மன்னிப்பே இல்லாத பாவத்தைத் தாம் செய்துவிட்டதாக அஞ்சுவதாகச் சொன்னார். முதியவர் சற்றும் தயங்காமல், தமக்கும் அவ்வாறே தோன்றுகிறது என்றார். அந்த இளைஞர் ஜான் பனியன் (1628–1688). 1666இல் வெளிவந்த ‘பாவிகளில் பிரதான பாவிக்குப் பெருகிய கிருபை’ என்னும் தன்வரலாற்று நூலில் அவரே இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். முதியவர் நல்லவர்தான், ஆயினும் இத்தகைய போராட்டத்தை அறியாதவர் என்று பனியன் அவருக்காகப் பரிந்தும் எழுதுகிறார்.

ஆறுதல் தேடிச் சென்றவருக்கு ஆறுதல் கிட்டாத இந்நிகழ்ச்சி, ஒரு நூற்றாண்டு முழுவதும் ஆங்கிலத் திருச்சபையை வாட்டிய சிக்கலின் சுருக்கம். அச்சுற்ற மனத்துக்கு எதைச் சொல்வது, யார் சொல்வது, சொல்லால் ஆகாதபோது என்ன செய்வது என்பவை அன்று வாழ்வா சாவா என்னும் அளவுக்கு நெருக்கடியான வினாக்களாக இருந்தன.

மாக்ஸ் வேபர் 1904–05இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், முன்குறிப்புக் கோட்பாடு தனிமனிதனை முன்னறியாத உள்தனிமைக்குள் தள்ளியது என்றும், அந்தப் பதற்றத்தைத் தணிக்கவே அயராத தொழில் உழைப்பு பரிந்துரைக்கப்பட்டது என்றும் வாதிட்டார். ஜான் ஸ்டாக்னியூஸ்கி 1991இல் வெளியிட்ட நூல், தூய்மைவாதமே அவநம்பிக்கையை விளைவித்த சமயக் கற்பனை என்னும் முடிவை இன்னும் கடுமையாக முன்வைத்தது. இக்கருத்துகளைப் புறந்தள்ள இயலாது. எனினும், கோட்பாட்டை மட்டும் வாசித்து மேய்ப்புப் பணியை வாசிக்காமல் விடும்போது பாதிச் சித்திரமே கிடைக்கிறது. அதே போதகர்கள்தாம் அந்த அச்சத்தோடு இரவும் பகலும் மல்லுக்கட்டினார்கள்.

சான்று தேடும் ஆறுதல்

இச்சிக்கல் தூய்மைவாதிகளோடு தொடங்கவில்லை. 1505இல் எர்ஃபர்ட் நகரின் அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர், எவ்வளவு பாவ அறிக்கை செய்தும் மனம் ஆறாமல் தம் வழிகாட்டியான ஸ்டௌபிட்ஸை மீண்டும் மீண்டும் நாடியவர். தாக்குதல், சோதனை ஆகிய இரு பொருளும் இணைந்த ‘அன்ஃபெக்டுங்’ என்னும் ஜெர்மானியச் சொல்லால் அந்நிலையை அவர் குறித்தார். 1530இல் மனச்சோர்வுற்ற தம் மாணவர் ஜெரோம் வெல்லருக்கு எழுதிய கடிதத்தில், தனிமையில் இராதே, நண்பரோடு விளையாடு, சிரித்துப் பேசு, பிசாசோடு வாதம் செய்யாதே என்று அவர் அறிவுறுத்தினார். வாதம் செய்யாதே என்ற இவ்வறிவுரையை மனத்தில் இருத்திக்கொண்டால், அடுத்து வந்த தலைமுறை அதற்கு நேர்மாறாக எவ்வளவு வாதம் செய்தது என்பது புலப்படும்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வில்லியம் பெர்கின்ஸ் (1558–1602) இவ்வகை எழுத்தின் முன்னோடி. ‘பொற்சங்கிலி’ என்னும் அவருடைய நூல் 1590இல் இலத்தீனிலும் அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இரட்சிப்பின் வழியையும் ஆக்கினையின் வழியையும் இரு கோடுகளாக வரைந்து காட்டும் வரைபடம் ஒன்று அதில் உண்டு. எழுத்தறியாதவரும் விரலால் தொட்டுத் தம் நிலையை அறியலாம் என்பது அவர் எண்ணம். 1592இல் வெளிவந்த மற்றொரு நூலின் தலைப்பே, ஒருவன் தான் இறைவனின் பிள்ளையா அல்லனா என்று அறிவதைப் ‘மனச்சாட்சியின் வழக்குகளிலெல்லாம் பெரிய வழக்கு’ என்று குறிப்பிடுகிறது.

இவ்வழக்கைத் தீர்க்கப் பெர்கின்ஸ் கையாண்டது தருக்க முறை. விசுவாசிக்கிறவன் எவனோ அவன் இறைவனின் பிள்ளை, நான் விசுவாசிக்கிறேன், ஆகவே நான் இறைவனின் பிள்ளை. மணிமேகலையின் அளவைப் பகுதியைப் பயின்ற தமிழ் ஆய்வாளர்க்கு இதன் வடிவம் புதிதன்று. சிக்கலும் அங்குப் பேசப்படும் சிக்கலே. பக்கமும் எடுத்துக்காட்டும் சரியாக இருக்கலாம். ஏது மெய்யான ஏதுவா, ஏதுப்போலியா என்பதே கேள்வி. ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்பதை எவ்வாறு உறுதி செய்வது? கைவிடப்பட்டவர்களிடமும் விசுவாசத்தைப் போலவே தோன்றும் தற்காலிக விசுவாசம் இருக்கக்கூடும் என்று பெர்கின்ஸ் கற்பித்திருந்தார். போலி மெய்யைப் போலவே இருக்கும் என்று சொல்லிவிட்டு, மெய்யைக் கண்டுபிடி என்று ஒருவரிடம் கூறினால் அவர் தம் மனத்தைத் தோண்டிக்கொண்டே இருப்பார். மருந்து நோயை வளர்த்தது என்னும் குற்றச்சாட்டுக்கு வலுவான ஆதாரம் இங்கேதான் உள்ளது.

பெர்கின்ஸ் இதை உணராதவர் அல்லர். 1597இல் அவர் வெளியிட்ட ‘கடுகு விதை’ என்னும் சிறுநூல், இரட்சிப்புக்குப் போதுமான அருளின் மிகக் குறைந்த அளவு எது என்று வினவுகிறது. நொந்த உள்ளத்தில் விசுவாசிக்க வேண்டும் என்னும் இடையறாத விருப்பம் இருந்தால், அவ்விருப்பத்தையே விசுவாசமாக இறைவன் ஏற்கிறார் என்பது அவர் விடை. தருக்கத்தின் சட்டகம் மாறவில்லை; ஏதுவின் அளவு மட்டும் கடுகளவாகக் குறைக்கப்பட்டது.

அவருடைய நூல்களைவிட அவரைப் பற்றிய ஒரு செய்தி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 17ஆம் நூற்றாண்டின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் சாமுவேல் கிளார்க் அதைக் கூறுகிறார். தூக்குமேடை ஏணியில் ஏறிய இளைஞன் ஒருவன் நடுங்குவதைக் கண்ட பெர்கின்ஸ், சாவுக்கா அஞ்சுகிறாய் என்று கேட்டார். அதைவிடக் கொடிய ஒன்றுக்கு அஞ்சுவதாக அவன் சொன்னான். உடனே அவனைக் கீழே இறங்கி வரச்சொல்லி, கைகளைப் பற்றிக்கொண்டு, ஏணியடியில் இருவரும் முழங்காலிட்டனர். முதலில் அவன் கண்ணீர் சொரியும்வரை பாவ அறிக்கையாகவும், பின்னர்க் கிறித்துவின் இரக்கத்தை எடுத்துக்காட்டியும் பெர்கின்ஸ் மன்றாடினார். அவன் அமைதியோடு மீண்டும் ஏறினான். இக்கதையில் சில விவரங்கள் பின்னர் மெருகேறியிருக்கலாம். ஆயினும், ஏணியிலிருந்து ஒருவனை இறக்கி அருகில் மண்டியிட்டவரும், வரைபடம் வரைந்தவரும் ஒருவரே என்று அக்காலத்தவர் நினைவில் வைத்திருந்தது பொருட்படுத்தத்தக்கது.

நெரிந்த நாணல்

அவநம்பிக்கையின் உச்ச வடிவமாக அக்காலத்தவர் கண்முன் நின்றவர் பிரான்செஸ்கோ ஸ்பியேரா. பதுவாவுக்கு அருகிலுள்ள சித்தாதெல்லாவைச் சேர்ந்த வழக்கறிஞரான அவர், 1548இல் தம் சீர்திருத்த நம்பிக்கைகளை விசாரணை மன்றத்தின் முன் மறுதலித்தார். பின்னர் மீளா அவநம்பிக்கையில் வீழ்ந்து அவ்வாண்டே இறந்தார். அவருடைய படுக்கையைச் சூழ்ந்து அறிஞர்கள் வேத வசனங்களை எடுத்துக்காட்டியதும், ஒவ்வொன்றையும் தமக்கு எதிரான சாட்சியாகவே அவர் திருப்பியதும் ஐரோப்பா முழுவதும் பரவின. நத்தானியேல் பேக்கன் தொகுத்த ஆங்கில வடிவம் 1638இல் வெளியானது. அந்நூலை வாசித்தபோது புண்ணில் உப்பைத் தேய்த்தது போல இருந்ததெனப் பனியன் கூறுமளவுக்கு அதன் தாக்கம் நீடித்தது. நன்கு கற்றவரின் வாதமும் தோற்கும் என்பதே ஸ்பியேராவின் கதை ஆறுதல் கூறுவோருக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை.

ரிச்சர்ட் சிப்ஸின் (1577–1635) குரல் இந்தப் பின்னணியில்தான் தனித்து ஒலிக்கிறது. இலண்டன் கிரேஸ் இன்னில் வழக்கறிஞர்கள் நிறைந்த சபைக்கு அவர் போதகராக இருந்தார். 1630இல் வெளிவந்த ‘நெரிந்த நாணலும் மங்கியெரிகிற திரியும்’ என்னும் நூலின் தலைப்பு ஏசாயா 42ஆம் அதிகாரத்திலிருந்தும் அதை எடுத்தாளும் மத்தேயு 12ஆம் அதிகாரத்திலிருந்தும் வந்தது. திரியில் சுடர் தெரியாமல் புகை மட்டும் எழும்போது, புகையே உள்ளே நெருப்பு இருப்பதற்கு அடையாளம் என்பது சிப்ஸின் மையப் படிமம். புகையும் நெருப்பும் என்னும் எடுத்துக்காட்டு நம் தருக்க நூல்களில் எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அங்கு அது அனுமானத்தின் பாலபாடம். சிப்ஸிடம் அது இரக்கத்தின் வாதம். கண்ணைக் கரிக்கும் புகையை, அதாவது ஐயத்தையும் அழுகையையும், நெருப்பு இல்லை என்பதற்குச் சான்றாகத் துன்புறுபவர் கொள்கிறார். அதையே நெருப்பு உண்டு என்பதற்கு ஏதுவாகச் சிப்ஸ் திருப்பிவிடுகிறார்.

இன்னொரு நுட்பமான மாற்றமும் நிகழ்கிறது. பெர்கின்ஸின் எழுத்தில் விசுவாசியின் உள்ளமே ஆய்வுப் பொருள். சிப்ஸின் நூலிலோ பெரும்பகுதி கிறித்துவின் இயல்பைப் பற்றியது: முறியாதவர், அணையாதவர், பொறுத்திருப்பவர். ஏனைய போதகர்களும் அவ்வாறே நடத்தல் வேண்டும் என்றும், இளந்தளிர் போன்ற மனச்சாட்சிகளைக் கடுஞ்சொல்லால் அழுத்தலாகாது என்றும் அவர் இடையிடையே எச்சரிக்கிறார். இவ்வெச்சரிக்கைதான் பின்னர் ராஜர்ஸிடம் ஒரு முறைமையாக வளரப்போகிறது.

இந்நூல் பரவிய விதத்துக்கு ஒரு சான்று உண்டு. ரிச்சர்ட் பாக்ஸ்டரின் (1615–1691) வீட்டு வாசலுக்கு, பாட்டுப் புத்தகங்களோடு சில நல்ல நூல்களையும் சுமந்து ஏழை நடைவணிகர் ஒருவர் வந்தார். அவரிடமிருந்து பாக்ஸ்டரின் தந்தை இந்நூலை வாங்கினார். இளம் பாக்ஸ்டரின் வாழ்வில் அது திருப்பமாக அமைந்ததை அவர் தம் தன்வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்கிறார். பிறர் விவரித்த படிநிலைகளின்படி தம் மனமாற்றம் எந்த நாளில் நிகழ்ந்தது என்று சுட்ட இயலாமை பாக்ஸ்டரை நெடுங்காலம் உறுத்தியது. எல்லா உள்ளங்களையும் இறைவன் ஒரே விதமாக உடைப்பதில்லை என்னும் தெளிவுக்கு அவர் பின்னரே வந்தார்.

1640களில் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் உருவாக்கிய விசுவாச அறிக்கையின் 18ஆம் அதிகாரம் இந்த அனுபவங்களின் படிவாகவே எனக்குத் தோன்றுகிறது. இரட்சிப்பின் நிச்சயம் விசுவாசத்தின் சாரத்தைச் சேர்ந்ததன்று. மெய்யான விசுவாசியும் அதைப் பெற நெடுங்காலம் காத்திருந்து போராட நேரிடலாம் என்று அது கூறுகிறது. ஆர். டி. கெண்டல் 1979இல் வெளியிட்ட ஆய்வு, இதைக் கால்வினிடமிருந்து விலகிய கோட்பாட்டுச் சரிவாகக் காண்கிறது. மேய்ப்புப் பணியின் பக்கமிருந்து நோக்கினால் இதற்கு வேறு பொருள் உண்டு. ஐயுறுகிறவர் ஐயுறுகிற காரணத்தாலேயே வெளியில் நிற்பவர் ஆகார் என்று சபை எழுத்தில் ஒப்புக்கொண்டது.

உடலா, ஆன்மாவா?

மருத்துவரின் பங்கு என்ன என்னும் வினா இத்துடன் பின்னிப் பிணைந்திருந்தது. அக்கால மருத்துவம் உடலின் நான்கு நீர்மங்களைக் கொண்டு நோய்களை விளக்கியது. காரணமற்ற துயருக்கும் அச்சத்துக்கும் கரும்பித்த மிகுதியே மூலம் எனப்பட்டது. மருத்துவர் திமோத்தி பிரைட் 1586இல் வெளியிட்ட நூல், கரும்பித்தத்தால் வரும் துயரத்தையும் பாவ உணர்வால் வரும் துயரத்தையும் வெவ்வேறு எனப் பிரித்தது. முன்னதற்கு மருந்து, பின்னதற்கு நற்செய்தி. கோட்டை வரைவது எளிதாயிருந்தது. மனிதர்கள்தாம் அக்கோட்டின் ஒரு பக்கத்தில் நிற்க மறுத்தார்கள்.

பக்கிங்ஹாம்ஷயரின் கிரேட் லின்ஃபர்டில் குருவாகவும் மருத்துவராகவும் இருந்த ரிச்சர்ட் நேப்பியரின் (1559–1634) குறிப்பேடுகள் இதைக் காட்டுகின்றன. மனத்துயரோடு அவரை நாடிய சுமார் 2,000 பேரைப் பற்றிய பதிவுகளை மைக்கேல் மெக்டொனால்ட் 1981இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். சமய அச்சமும் குடும்பச் சண்டையும் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கமும் அப்பதிவுகளில் அடுத்தடுத்து நிற்கின்றன. மருந்து, மன்றாட்டு, சோதிடம் மூன்றையும் நேப்பியர் தயங்காமல் பயன்படுத்தினார்.

ராபர்ட் பர்ட்டன் 1621இல் வெளியிட்ட ‘கரும்பித்தத்தின் உடற்கூறு’ என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி சமயம் சார்ந்த மெலங்கலிக்கு ஒதுக்கப்பட்டது. அவரும் ஒரு குருவே. பிரசங்க மேடையிலிருந்து இடி முழக்கம் செய்து எளிய மனங்களைக் குலைக்கும் போதகர்களை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். தூய்மைவாதிகளின் மீதான இக்கண்டனத்தில் கட்சிச் சார்பும் உண்டு என்பதை மறக்கலாகாது.

இரண்டு மரபுகளையும் இணைத்தவர் பாக்ஸ்டர். கிடர்மின்ஸ்டரில் மருத்துவர் இல்லாத ஆண்டுகளில் அவரே ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருந்து கொடுத்தவர். 1653இல் வெளிவந்த ‘மனச்சாட்சியின் நிலையான சமாதானத்துக்குச் சரியான முறை’ என்னும் நூலில் 32 வழிகாட்டுதல்கள் உள்ளன. அவர் பிற்காலத்தில் ஆற்றிய பிரசங்கம் ஒன்றின் தலைப்பே ‘விசுவாசத்தாலும் மருந்தாலும்’ மிகுதுயரைத் தீர்ப்பதைப் பற்றியது. மெலங்கலி உற்றவர் நெடுநேரம் தனித்திருந்து தியானிக்க வேண்டா என்று அவர் தடுக்கிறார். தன்னாய்வை அன்றாடக் கடமையாகக் கற்பித்த மரபிலிருந்து வந்த ஒருவர், சிலருக்கு அது தீங்கு, அதை நிறுத்துக என்று கூறுவது சிறிய செய்தியன்று.

உளையும் கோட்டையும்

பனியனுக்கு மீள்வோம். கிறித்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் அவர் உண்ணும்போதும் உறங்கும்போதும் ஓயாமல் எழுந்தது. ஒருநாள் சோர்ந்து, அவர் விரும்பினால் போகட்டும் என்று மனத்துக்குள் இசைந்துவிட்டதாகக் கருதினார். அதன்பின் எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஏசாவின் கதை, கண்ணீர் விட்டுத் தேடியும் வாய்ப்புக் கிடைக்காதவனின் கதை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் அவரை வதைத்தது. இன்றைய உளவியல் இதற்கு வேறு பெயர் சூட்டும். வரலாற்று மாணவன் அதில் அவசரம் காட்டலாகாது என்றாலும், ஓயாது திரும்பும் எண்ணத்தின் பிடியை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்த எளிய மனிதர் அந்நூற்றாண்டில் அரிது.

அவரை மீட்டவை எவை என்று பார்த்தால், தருக்கம் எங்கோ பின்னால் நிற்கிறது. பெட்ஃபோர்டில் ஒரு வாசலில் வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்கள். அவர்கள் வழியே கிடைத்த ஜான் கிஃபர்டின் சபை. தொட்டால் தாள் தாளாக உதிரும் நிலையில் கைக்கு வந்த, கலாத்தியருக்கான லூத்தரின் விளக்கவுரை. அவ்வுரையில் தம் நிலையே எழுதப்பட்டிருப்பதாக உணர்ந்த அவர், காயமுற்ற மனச்சாட்சிக்கு வேதாகமத்துக்கு அடுத்த நூல் அதுவே என்கிறார். இறுதியில், கிருபை போதும் என்னும் வாக்கும் ஏசாவின் வாக்கும் ஒரே வேளையில் தம் உள்ளத்தில் மோதியதையும் ஏசாவின் வாக்கு வலுவிழந்து பின்வாங்கியதையும் விவரிக்கிறார். வாக்குத்தத்தம் அவருக்கு முடிவுரைக்கும் கூற்றாக அன்றி, வந்து மோதும் ஆற்றலாக இருந்தது.

1678இல் வெளிவந்த ‘மோட்சப் பயண’த்தின் முதற்பகுதியில் இந்த அனுபவம் கதையாகிறது. நம்பிக்கையிழவு என்னும் உளையைப் பற்றிய ஒரு விவரத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. 1,600 ஆண்டுகளுக்கு மேலாக அரசனின் பணியாளர்கள் அவ்வுளையைத் தூர்க்க முயல்கின்றனர். 20,000 வண்டிச் சுமைக்குக் குறையாத நல்லுபதேசங்களை அது விழுங்கிவிட்டது. இன்னும் உளையாகவே இருக்கிறது. ஆறுதல் நூல்களின் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவர், அந்நூல்கள் எங்கே போயின என்று சொல்லும் இடமாக இதை வாசிக்கலாம். கிறிஸ்தியானை வெளியே எடுப்பது நீட்டப்பட்ட ஒரு கை. சந்தேகக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கன், தற்கொலையே வழி என்று தூண்டும்போது தடுப்பது உடன் சிறைப்பட்ட நம்பிக்கையாளனின் பேச்சு. அதன் பின்னரே மார்பில் இருந்த வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது.

இம்முதற்பகுதியைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) யாத்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அக்காப்பியத்தைக் கம்பரோடு ஒப்பிடும் ஆய்வுகள் தமிழில் மிகுதி. அதன் மூலநூல் எத்தகைய மேய்ப்புச் சிக்கலிலிருந்து பிறந்தது என்னும் கோணத்தில் அதை வாசிக்கும் முயற்சிக்கு இன்னும் நிறைய இடமுண்டு. காதுகளைப் பொத்திக்கொண்டு மனைவி மக்களை விட்டு ஓடும் தனிமனிதனின் பயணமாகவே பனியனைத் தமிழ் வாசகர் பெரிதும் அறிந்திருப்பதற்கு, முதற்பகுதியின் செல்வாக்கும் ஒரு காரணமாகலாம். வேபர் எடுத்துக்காட்டியதும் அந்த ஓட்டத்தையே.

1684இல் வந்த இரண்டாம் பகுதி வேறோர் உலகம். கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் ஒரு வழித்துணைவரோடு கூட்டமாக நடக்கின்றனர். ஊன்றுகோலோடு நொண்டுகிறவரும் மனவலிமை அற்றவரும் வழியில் சேர்கின்றனர். கூட்டம் அவர்களுக்காக நடையைத் தளர்த்துகிறது. வழித்துணைவரான பெருநெஞ்சர், தாம் முன்பு அழைத்துச் சென்ற அச்சமுடையார் என்பவரின் கதையைச் சொல்கிறார். அவர் உளையின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து புலம்பினார். பின்வாங்கவும் இல்லை, முன்செல்லத் துணியவும் இல்லை. சிங்கங்களுக்கும் சந்தைக்கும் அவர் அஞ்சவில்லை. தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பது ஒன்றே அவர் அச்சம். தாழ்மையின் பள்ளத்தாக்கில் மட்டும் குழந்தையைப் போல மகிழ்ந்தார். கடைசி ஆற்றை அவர் அடைந்தபோது நீர் அதுவரை இல்லாத அளவுக்கு வற்றியிருந்தது. அவர் அச்சம் தீர்ந்த பிறகு கடக்கவில்லை. அச்சத்தோடேயே கடந்தார். ‘மிகுஅச்சம்’ என்னும் பெண் ஆற்றைப் பாடிக்கொண்டே கடக்கிறாள். என்ன பாடினாள் என்பது கரையில் நின்ற எவருக்கும் விளங்கவில்லை என்கிறார் பனியன்.

நண்பர்களுக்கு ஓர் அறிவுரை

இலண்டன் நகரப் போதகரான திமோத்தி ராஜர்ஸ் (1658–1728), ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடிய மெலங்கலியில் முடங்கிக் கிடந்தார். மீண்டபின் 1691இல் அவர் வெளியிட்ட ‘மனத்தின் தொல்லையும் மெலங்கலி நோயும்’ என்னும் நூலின் முன்னுரை, துன்புறுபவரின் நண்பர்களையும் உறவினர்களையும் நோக்கி எழுதப்பட்டது. இம்முகவரி மாற்றமே இக்கட்டுரையின் மையச் சான்று.

அவர் கூறுவனவற்றைத் தொகுத்துரைத்தால்: இதை ஒரு நோயாகவே கருதுங்கள். அவர்கள் தம் வேதனையைச் சொல்லும்போது நம்புங்கள். கற்பனை என்று தள்ளாதீர்கள். கடுஞ்சொல் வேண்டா. செய்ய இயலாததைச் செய்யச்சொல்லி நெருக்காதீர்கள். அச்சமூட்டும் செய்திகளை அவர்கள் முன் பேசாதீர்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டு வியப்புக் காட்டாதீர்கள். நோயின் விளைவைப் பிசாசின் மேல் ஏற்றாதீர்கள். இதே நிலையிலிருந்து மீண்ட மற்றவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களால் மன்றாட முடியாதபோது அவர்களுக்காக நீங்கள் மன்றாடுங்கள்.

பெர்கின்ஸின் வரைபடத்தோடு இதை வைத்துப் பார்த்தால் ஒரு நூற்றாண்டின் தொலைவு தெரியும். துன்புறுபவரிடம் இவர் எந்தச் சான்றும் கேட்கவில்லை. விசுவசிக்கிறாயா என்றும் வினவவில்லை. கடமைகள் அனைத்தும் சூழ்ந்திருப்போர் மேல் விழுகின்றன. பிசாசைப் பற்றிய குறிப்பும் எண்ணத்தக்கது: லூத்தரிடம் இப்போராட்டத்தின் எதிரி பிசாசு, ராஜர்ஸோ, உன்னைப் பிசாசு ஆட்டுகிறான் என்று நோயாளியிடம் சொல்வது அவர் சுமையைக் கூட்டும் என்று அறிந்திருந்தார்.

இம்மாற்றத்தை நேர்கோட்டு வளர்ச்சியாகக் கொள்வது தவறு. கேம்பிரிட்ஜ்ஷயரின் டிரை டிரேட்டன் என்னும் சிற்றூரில் 1570 முதல் குருவாயிருந்த ரிச்சர்ட் கிரீன்ஹாம், நொந்த மனச்சாட்சிகளைத் தேற்றுவதில் பெர்கின்ஸுக்கு முன்பே பெயர் பெற்றவர். அவர் கலை பெரிதும் உரையாடலில் இருந்தது, நூலில் அன்று. லூத்தரின் கடிதம் அதற்கும் முந்தியது. நேரில் பலர் அறிந்திருந்த ஒன்று அச்சு நூலில் முறைமையாக இடம்பெற நூறாண்டுகள் ஆயின என்று சொல்வதே பொருத்தம்.

ஓல்னி

இம்முறையின் எல்லையைக் காட்டும் நிகழ்வு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது. கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800) 1763இல் தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் மருத்துவர் நத்தானியேல் காட்டனின் இல்லத்தில் தேறி, 1767இல் ஓல்னிக்குக் குடிவந்தார். அங்குக் குருவாக இருந்தவர் ஜான் நியூட்டன். ஊர் மக்கள் கூட்டங்களில் பாட இருவரும் சேர்ந்து ஒரு பாடல் தொகுப்பைத் தொடங்கினர். 1773இல் கூப்பர் மீண்டும் வீழ்ந்தார். தாம் என்றென்றைக்குமாகக் கைவிடப்பட்டதாக ஒரு கனவில் தீர்ப்புக் கேட்டதாக நம்பிய அவர், அதன்பின் தேவாலயத்துக்குள் செல்லவில்லை. கிறித்தவத்தின் உண்மையை அவர் மறுக்கவில்லை. அது தம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்றே கருதினார்.

நியூட்டன் அவரை ஓராண்டுக்கு மேல் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார். ராஜர்ஸ் நண்பர்களிடம் கேட்ட யாவும் அங்குச் செய்யப்பட்டன என்றே கூறலாம். கூப்பரின் தீர்ப்பு மாறவில்லை. 1799இல் எழுதிய ‘கைவிடப்பட்டவன்’ என்னும் அவருடைய பிற்காலக் கவிதையின் தலைப்பே அதற்குச் சான்று.

பாடல் தொகுப்பு 1779இல் வெளிவந்தது. நண்பரின் நெடிய நோயால் பணி தடைப்பட்டதையும், அவரின்றித் தொடர்வதில்லை என்று சிலகாலம் எண்ணியிருந்ததையும் நியூட்டன் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நோய்க்கு முன் கூப்பர் எழுதிய அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தம் பாடல்களோடு கலந்துவிடாதபடி ஒவ்வொன்றின் மேலும் ‘சி’ என்னும் எழுத்தை அவர் அச்சிட்டார். எழுதியவர் தேவாலய வாசலை மிதிக்காத ஆண்டுகளில், அப்பாடல்கள் அந்த அடையாளத்தோடு உள்ளே பாடப்பட்டன.